வயிற்றுச் சுற்றளவு

சாப்பிட்டாயிற்று. நான்கு இட்லி, ஒரு உளுந்து வடை, சாம்பார், கடைசியில் சர்க்கரை போட்ட டீ. ஆஸ்பத்திரி வாசலுக்கு எதிரே இருக்கிற மெஸ்ஸில், சுவரைப் பார்த்துப் போட்ட மேஜையில் உட்கார்ந்து, வீட்டில் சாப்பிடுகிற வேகத்திலேயே சாப்பிட்டேன். வேகம் கணக்கில் வருமா என்று தெரியவில்லை. வந்தாலும் வரலாம் என்று மெதுவாக மென்றேன், பிறகு வீட்டில் இவ்வளவு மெதுவாக மெல்ல மாட்டேனே என்று தோன்றி வேகப்படுத்திக்கொண்டேன். மெஸ் இட்லி வீட்டு இட்லியைவிடச் சிறியதா பெரியதா என்று யோசித்ததில் மூன்றாவது இட்லி எப்போது முடிந்தது என்றே தெரியவில்லை. இப்போது பிரசவ வார்டுக்கு வெளியே, மரத்தைச் சுற்றிக் கட்டிய சிமென்ட் மேடையில் உட்கார்ந்திருக்கிறேன். காலையில் வெறும் வயிற்றில் ஒரு தரம் ரத்தம் எடுத்துவிட்டார்கள். சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து இன்னொரு தரம் எடுப்பார்கள். அந்த இரண்டாவது எண் கூடுதலாக இருந்தால் இன்சுலின் ஊசி. குறைவாக இருந்தால் போன தடவை மாதிரி, சாப்பாட்டிலேயே கட்டுப்பாடாக இரு என்று அனுப்பிவிடுவார்கள். "வீட்ல தினம் என்ன சாப்பிடுவியோ அதையே சாப்பிட்டு வாம்மா" என்று சிஸ்டர் சொன்னபோது அத்தையும் பக்கத்தில்தான் நின்றார். நன்றாகத் தலையை ஆட்டினார். என் பைக்குள் அத்தை கட்டிக்கொடுத்த எவர்சில்வர் டப்பா இருக்கிறது. இரண்டு இட்லி, சட்னி கிடையாது, ஓரத்தில் நறுக்கிய வெள்ளரிக்காய். அது டெஸ்ட் நாளுக்கான சாப்பாடு. நேற்று இரவு கால் டம்ளர் ராகிக் கஞ்சி, அது டெஸ்டுக்கு முந்தின இரவுக்கான சாப்பாடு. ஆகவே காலையில் எடுத்தது என்னுடைய ரத்தம்தான் என்றாலும் என்னுடைய தினசரி ரத்தம் இல்லை. இரண்டாவதாவது அப்படி இருக்க வேண்டாம் என்றுதான் டப்பாவைத் திறக்கவில்லை. அப்படித்தானா? பசித்தது என்பதும் உண்மை. வடை வாசனை வந்தது என்பதும் உண்மை. உண்மைக்காக நான்கு இட்லி தின்றேனா, நான்கு இட்லிக்காக உண்மையைத் துணைக்குக் கூப்பிட்டேனா என்று இப்போது பிரித்துப் பார்க்க முடியவில்லை. இரண்டும் ஒரே வயிற்றுக்குள் போய்விட்டன.

அத்தை மாடிக்குப் போயிருக்கிறார். அத்தை என்றால் என் கணவர் சம்பத்தின் அம்மா, மயிலாத்தாள். பனியன் கம்பெனியில் கைமடி வேலை. தைக்கிற மெஷினுக்குப் பக்கத்தில் நின்று துணியை மடித்து எடுத்துக் கொடுக்க வேண்டும், நாள் முழுக்க நின்றபடி. அவரோடு நிற்கிற ஒரு பெண்ணின் மகளுக்கு நேற்று இங்கே குழந்தை பிறந்திருக்கிறது, பார்த்துவிட்டு வருகிறேன் என்று போனார். போகும்போது, "சாப்ட்டுப்போட்டு அப்படியே உக்காந்தராத கண்ணு. நான் வந்தர்றேன், ரெண்டு பேரும் நடக்கலாம். நடந்தா எறங்கிப்போயிரும்" என்றார். போன தடவை அப்படித்தான் நடந்தோம். இந்தக் கட்டடத்தைச் சுற்றிச் சுற்றி, ஸ்கேன் அறை, மருந்து கொடுக்கிற ஜன்னல், சைக்கிள் ஸ்டாண்ட், பிறகு பிணவறை. பிணவறை வருவதற்கு முன்னால் ஒவ்வொரு சுற்றிலும் அத்தை தன் முந்தானையை என் முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டார், வயிற்றுப் புள்ளைக்காரி பார்க்கக்கூடாதாம். சேலைக்குப் பின்னால் எனக்குச் சூரியன் மஞ்சளாகத் தெரிந்தது. மூச்சு வாங்கியது. கடைசியில் நூற்றுப் பதினான்கு வந்தது. நூற்றிருபதுக்குள் இருந்தால் போதும். அத்தை அங்கேயே போனை எடுத்து, "டேய் சம்பத்து, நம்ம புள்ளை பாஸாயிருச்சுடா" என்றார். பஸ் ஏறுவதற்கு முன்னால் பேக்கரியில் கால் கிலோ ஜாங்கிரி வாங்கினார். "வேண்டாமுங்கத்தை" என்றேன். "அட, பாஸானதுக்கு ஒண்ணு தின்னா ஒண்ணும் ஆயிராது. டெஸ்டுதான் முடிஞ்சுதே!" நானும் ஒன்று தின்றேன். அந்த ஜாங்கிரியின் சர்க்கரை எந்த டெஸ்டிலும் வராது. ஆனால் அது எங்கேயோ போயிருக்க வேண்டும். போகிற இடம் ஒன்றுதான்.

பாஸ் என்பது எங்கள் வீட்டில் பெரிய வார்த்தை. அம்மா வீட்டிலும் சரி, இந்த வீட்டிலும் சரி. பன்னிரண்டாவது பாஸான முதல் ஆள் நான், காலேஜ் போன முதல் ஆளும் நான்தான். பரீட்சை அன்றைக்கு அம்மா காலையில் தயிரில் சர்க்கரை போட்டுக் கொடுப்பாள். மற்ற நாளில் தயிர் வாங்க மாட்டோம். அப்பா மில்லில் வாட்ச்மேன், ஷிப்டு முடிந்து வந்தும் படுக்காமல், நான் கிளம்புகிற வரைக்கும் வாசலில் நிற்பார், எதிரில் யாரும் வெறும் குடத்தோடு வந்துவிடாமல் பார்த்துக்கொள்வதற்காக. அவர்களுக்குப் படிப்பு என்ன என்று தெரியாது, பரீட்சை தெரியும். பரீட்சைக்கு வேண்டியதை எல்லாம் செய்தார்கள். நானும் முக்கியமான கேள்விகள் என்று சொல்வதை மட்டும் படித்தேன். சாயத்தைப் பற்றி ஒரு முழுப் பாடம் இருந்தது, அதிலிருந்து எப்போதும் இரண்டே கேள்விதான் வரும் என்று சீனியர்கள் சொன்னார்கள், இரண்டும் வந்தன, முதல் வகுப்பு. சாயத்தைப் பற்றி இப்போது எனக்கு ஒன்றும் தெரியாது. இந்த ஆஸ்பத்திரியில் முதல் தடவை சர்க்கரைத் தண்ணீர் கொடுத்து ரத்தம் எடுத்து, கர்ப்ப காலச் சர்க்கரை இருக்கிறது என்று சொன்னபோதுகூட எனக்கு முதலில் தோன்றியது ஃபெயிலாகிவிட்டோமே என்றுதான். குழந்தையைப் பற்றி அதற்கப்புறம்தான் நினைத்தேன். எவ்வளவு நேரம் கழித்து என்று நினைத்துப் பார்க்கிறேன். பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்த பிறகு என்று ஞாபகம்.

ஸ்கேன் எடுத்த பெண்ணுக்கு என் வயதுதான் இருக்கும். திரையில் ஒரு வட்டத்தைப் புள்ளி புள்ளியாக வரைந்து, தலைச் சுற்றளவு என்றாள். இன்னொரு வட்டம், வயிற்றுச் சுற்றளவு. ஒரு கோடு, தொடை எலும்பின் நீளம். எனக்கு இது புதிதில்லை. என் வேலையே அதுதான். குழந்தைத் துணி ஏற்றுமதி செய்கிற கம்பெனியில் தரம் பார்க்கிறவள் நான், நாள் முழுக்க டேப்பை வைத்து மார்பு, இடுப்பு, தோள், கை நீளம் என்று அளக்கிறேன். ஒவ்வொரு அளவுக்கும் இவ்வளவு கூடலாம் இவ்வளவு குறையலாம் என்று ஒரு வரம்பு உண்டு, டாலரன்ஸ் என்போம், அதைத் தாண்டினால் பீஸைத் தனியாக வைத்துவிட வேண்டும். தலை சரியாக இருந்தது. எலும்பு சரியாக இருந்தது. வயிறு வரம்பைத் தாண்டி இருந்தது. அந்தப் பெண் சொல்வதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது, இரண்டு வட்டத்தையும் பார்த்தவுடனே. தனியாக வைக்க வேண்டிய பீஸ் என்று மனசு சொல்லி முடித்தபிறகுதான் எதைப் பார்த்துச் சொல்கிறோம் என்று உறைத்தது. அதற்கப்புறம் இரண்டு நாள் கம்பெனியில் டேப்பை எடுக்கப் பிடிக்கவில்லை, ஆனாலும் எடுத்தேன், சரக்கு அனுப்ப வேண்டிய தேதி இருந்தது. பிறந்த குழந்தைச் சட்டையில் மார்பைவிட முக்கியமான அளவு கழுத்து. கழுத்தை இழுத்துப் பிடித்து, எவ்வளவு விரிகிறது என்று பார்க்க வேண்டும், ஏனென்றால் சின்னக் குழந்தைக்கு உடம்பிலேயே பெரியது தலைதான். தலை நுழைந்துவிட்டால் மற்றதெல்லாம் நுழைந்துவிடும், இதுதான் வேலைக்குச் சேர்ந்த வாரம் எனக்குச் சொல்லிக் கொடுத்தது. ஆயிரக்கணக்கான கழுத்துகளை அப்படி இழுத்துப் பார்த்திருக்கிறேன். தலை நுழைந்த பிறகும் மற்றது நுழையாமல் போகலாம் என்று ஒரு நாளும் நினைத்ததில்லை.

ரிப்போர்ட்டைப் பார்த்த டாக்டர் என் பக்கம் திரும்பி, "சுகர் நார்மல்னு வருது, குழந்தையோட வயிறு மட்டும் இவ்வளவு வேகமாப் போகுதே. சாப்பாடெல்லாம் சொன்னபடிதானே?" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் அத்தை, "நீங்க சொன்ன அளவுக்கு மேல ஒரு பருக்கை குடுக்கறதில்லீங்க டாக்டரம்மா" என்றார். பொய் சொல்கிற முகமே இல்லை. அத்தைக்கு அது பொய்யும் இல்லை. டாக்டர் பார்க்கிற சாப்பாடு டெஸ்ட் நாள் சாப்பாடு, அதில் ஒரு பருக்கைகூட அதிகம் கிடையாது. மற்ற நாள் சாப்பாடு டாக்டருடைய விஷயம் இல்லை, அது புள்ளையுடையது. டாக்டர் அப்போது பொறுமையாக ஒரு காகிதத்தின் பின்புறம் வரைந்து காட்டினார். என் சர்க்கரை தொப்புள்கொடி வழியாகக் குழந்தைக்குப் போகும். அந்தச் சர்க்கரையைச் சமாளிக்கிற இன்சுலின் என்னிடமிருந்து போகாது. ஆகவே குழந்தையே தன் உடம்பில் அதைக் கூடுதலாகச் சுரக்கும், சுரந்து, வருகிற சர்க்கரையை எல்லாம் கொழுப்பாக்கி வயிற்றிலும் தோளிலும் சேர்த்துவைக்கும். பிறந்து கொடியை வெட்டியதும் சர்க்கரை வருவது நின்றுவிடும், சுரப்பது உடனே நிற்காது, அப்போது குழந்தையின் சர்க்கரை சட்டென்று இறங்கும். இறங்கினால் என்ன ஆகும் என்று நான் கேட்கவில்லை. அத்தை கேட்கவில்லை. வீட்டுக்குப் போய்ப் போனில் தேடிப் படித்தேன். நடுக்கம், வலிப்பு என்று இருந்தது. பாதியில் மூடிவிட்டு, மறுபடி திறந்து முழுக்கவும் படித்தேன், பாதி படித்தால் மீதியை மனசு தானாக எழுதிக்கொள்கிறது. கவனித்துக் கட்டுப்பாட்டில் வைத்தால் பெரும்பாலும் நல்லபடியாகவே பிறக்கும் என்றும் அதே பக்கத்தில் இருந்தது. அந்த வரியை மட்டும் நம்பலாமா என்று யோசித்தேன். கவனித்து என்ற சொல்லில் போய் மாட்டிக்கொண்டேன். உள்ளே இருப்பது, இன்னும் பெயர்கூட வைக்காதது, நான் பார்க்க வேண்டிய வேலையை ஓவர்டைமில் பார்த்துக்கொண்டிருக்கிறது. இப்போதும். இந்த நான்கு இட்லியும் இந்நேரம் அதனிடம் போய்க்கொண்டிருக்கும். எதற்கு அனுப்பினாய் என்று கேட்காமல் வாங்கி மடித்து வைக்கும்.

நாங்கள் இருப்பது லைன் வீடு. வரிசையாக எட்டு வாசல், நடுவில் ஒரு நடைபாதை, கோடியில் தண்ணீர்த் தொட்டி. வயிறு தெரிய ஆரம்பித்ததிலிருந்து ஒவ்வொரு வாசலிலிருந்தும் ஒரு கிண்ணம் வருகிறது. மூன்றாவது வீட்டுப் பிரேமாக்கா ஒப்புட்டு சுட்ட அன்றைக்கு இரண்டை இலையில் வைத்துக் கொண்டுவந்தார். "டாக்டர் இனிப்பு வேண்டாம்னு சொல்லியிருக்காங்கக்கா" என்றேன். "எங்க வீட்ல சுடற வாசம் உனக்கு வந்துச்சா இல்லியா?" "வந்துச்சுங்க." "வாசம் புடிச்சயில்ல? அப்பத் தின்னுபோடோணும். தின்னாம உட்டு நாளைக்குப் புள்ளைக்குக் காதுல சீழ் வடிஞ்சா அந்த டாக்டரா வந்து தொடைக்கப்போறா?" அத்தை உள்ளேயிருந்து, "குடு பிரேமா, தின்னுவா" என்றார். தின்றேன். கர்ப்பிணி ஆசைப்பட்டது கிடைக்காமல் போனால் குழந்தைக்குக் காதில் சீழ் வரும் என்பதை நான் நம்பவில்லை. நம்பாமலேயே தின்றேன், நெய் சூட்டில் பருப்பும் வெல்லமும் கரைந்து நாக்கில் பரவியபோது கண்ணை மூடிக்கொண்டேன். பிரேமாக்காவுக்கு அன்பு, அத்தைக்கு அன்பு, பலகாரமும் நன்றாக இருந்தது, யார்மேல் என்ன சொல்வது. வேண்டாம் என்று சொல்வதற்கு ஒரு குரல் வேண்டும், அந்தக் குரலில் நான் பேசினால் படித்த திமிர் என்பார்கள், அதனால் பேசவில்லை என்று இவ்வளவு நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். படித்த திமிர் இருந்திருந்தால்கூடப் பரவாயில்லை. எனக்கு இருந்தது படித்த பயம். எண்ணைப் பார்த்தால் மட்டும் வருகிற பயம், கிண்ணத்தைப் பார்த்தால் வராது.

ஊசி என்றால் அத்தைக்கு வேறு பயம். அவருடைய அக்காவுக்கு இன்சுலின் ஆரம்பித்த வருஷமே வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். அத்தை கணக்கில் ஊசி வந்தது, கால் போயிற்று. அதற்கு முன்னால் அந்தக் காலில் ஆறாத புண் இருந்ததைச் சம்பத் சொல்லித்தான் எனக்குத் தெரியும். சம்பத் இன்னொன்றும் சொல்லியிருக்கிறார், கல்யாணமான புதிதில், கரண்ட் போன ஒரு சாயங்காலம், தானாகவே. அவருக்குப் பின்னால் ஒரு தம்பி பிறந்தானாம். பெரிய குழந்தை. "தலை வந்துருச்சாம், தோள் வரலையாம். புள்ளை தங்கலை. அம்மா அதைப் பத்திப் பேசாது, நீயும் கேக்காத" என்றார். நான் கேட்கவில்லை. அப்போது எனக்குத் தோள் வரலை என்பது ஏதோ ஒரு துரதிர்ஷ்டத்தைச் சொல்கிற மாதிரித்தான் பட்டது, வண்டி வரலை, மழை வரலை என்பது போல. தோள் சிக்கிக்கொள்ளலாம் என்றும் போனில் படித்த இரவில்தான் அந்த இரண்டு சொல்லும் எழுந்து உட்கார்ந்தன. அதிலிருந்து அத்தையின் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் அவருக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும் என்று நினைக்கிறேன். உடனே, உனக்கு என்ன தெரியும், ஒன்றும் தெரியாது என்றும் நினைக்கிறேன். பெரிய குழந்தை எல்லாம் சர்க்கரையால் வருவதில்லை. அத்தைக்கு இப்போது சர்க்கரை மாத்திரை உண்டு. அன்றைக்கு இருந்ததா என்று யாருக்குத் தெரியும். ஊகத்தை உண்மை மாதிரி ஒருவர் கையில் கொடுக்கக்கூடாது. கொடுக்காமல் இருந்தால் இந்த டப்பா, இந்த நடை, இந்த முந்தானை, பிரசவம் வரைக்கும் இப்படியே போகும். அதற்கப்புறம் தலை வரும். தலை வந்தபிறகு என்று நினைக்கும்போது மேடையின் சிமென்ட் குளிர்கிறது, வெயில் நேராக அடிக்கிறது, ஆனாலும் குளிர்கிறது. ஒரு எறும்பு டப்பா இருக்கிற பைமேல் ஏறுகிறது. தட்டிவிடுகிறேன். அதுவே திரும்ப ஏறுகிறதா, இன்னொன்றா என்று பார்க்கிறேன்.

அத்தை படியிறங்கி வருகிறார். "ஆம்பளைப் புள்ளை. எலிக்குஞ்சாட்டம் இருக்குது" என்கிறார் தூரத்திலிருந்தே, பிறகு சொல்லியிருக்கக் கூடாதென்று நாக்கைக் கடித்துக்கொள்கிறார். பையைத் தூக்கித் தோளில் மாட்டுகிறவர் நிற்கிறார்.

"ஏங் கண்ணு, டப்பா கனமா இருக்குது? சாப்பிடலையா?"

"மெஸ்ஸுல சாப்பிட்டனுங்கத்தை."

"மெஸ்ஸுலயா? என்னத்தை?"

"தினம் சாப்பிடறதுதானுங்க. நாலு இட்லி, வடை. ஒரு டீ."

"சக்கரை போட்டா?"

"போட்டுத்தானுங்க."

"அடக் கெரகமே!" அத்தை வானத்தைப் பார்க்கிறார், பிறகு ரத்தம் எடுக்கிற அறையைப் பார்க்கிறார், ஏதோ அங்கே கேட்டுவிட்டது போல. "எந்திரி. எந்திரி சாமி. இன்னும் நேரமிருக்குது. வெரசா நாலு சுத்து சுத்துனா எறங்கிரும். என்ற தப்பு, உன்னையத் தனியா உட்டுட்டுப் போனது. வடை வேற!" மணிக்கட்டைப் பிடித்து இழுக்கிறார், கைமடிக்கிற கை, பிடித்தால் விடாது. நடக்கிறேன். ஸ்கேன் அறை. மருந்து ஜன்னல். உடம்பு முன்னால் சாய்கிறது, இடுப்பில் ஒரு வலி வந்து வந்து போகிறது, என் கால்கள் என்னைக் கேட்காமலே வேகம் பிடிக்கின்றன. இப்படி நடந்தால் இறங்கும். ஒருவேளை நூற்றிருபதுக்குள்ளேயே வந்துவிடும். வந்துவிட்டால் நல்லதுதானே என்று ஒரு மனசு சொல்கிறது. நீ சாப்பிட்டது சாப்பிட்டதுதான், நடந்தது நடந்ததுதான், எண் என்ன சொல்கிறதோ சொல்லட்டும். அந்த மனசை எனக்கு நன்றாகத் தெரியும். முதல் வகுப்பு வாங்கிய மனசு. சைக்கிள் ஸ்டாண்ட். அத்தை முந்தானையை விரித்து என் முகத்துக்கு நேராகப் பிடிக்கிறார். எல்லாம் மஞ்சளாகிறது. அந்த மஞ்சளுக்குள் நின்றுவிடுகிறேன்.

"நடக்கலீங்கத்தை."

"என்னது? இங்கயா நிப்பாங்க? வா, அந்தக்கட்ட போயிர்லாம்."

"நாளையிலிருந்து தினமும் நடக்கறனுங்க. இன்னிக்கு வேண்டாமுங்க. இதுவரைக்கும் டெஸ்டுக்குத்தான் நடந்தோம். புள்ளைக்கு நடக்கலீங்க."

அத்தை முந்தானையை இறக்கவில்லை. அதற்குப் பின்னாலிருந்து அவர் குரல் வருகிறது. "ஊசி போடச் சொல்லீருவாங்க."

"சொல்லட்டுங்க."

"உனக்கென்ன தெரியும். எங்கக்காளுக்கு ஊசி ஆரம்பிச்சுத்தான் காலை எடுத்தாங்க."

"பெரியம்மாவுக்குப் புண்ணு வந்ததுக்கப்பறம்தானுங்க ஊசி ஆரம்பிச்சாங்க. முன்னமே போட்டிருந்தா காலு இருந்திருக்கும்."

"புள்ளை நல்லா வளத்தியாத்தான இருக்குது. அதுக்கு என்னத்துக்கு ஊசி? எலிக்குஞ்சாட்டமா பெத்துக்கோணும்?"

"அது வளத்தி இல்லீங்கத்தை. தலை சரியாத்தானுங்க இருக்குது. வயிறும் தோளும் மட்டும் பெருக்குதுங்க. அப்பறம் தலை வந்துட்டுத் தோளு..." நிறுத்திக்கொள்கிறேன். நிறுத்தியது தாமதம். காலையிலிருந்து பல்லுக்குப் பின்னால் வைத்திருந்த சொல் அது. முந்தானை மெதுவாக இறங்குகிறது. பிணவறையின் பச்சைக் கதவு தெரிகிறது, சாத்தியிருக்கிறது, வாசலில் ஒருவர் பீடி பற்றவைக்கிறார், அவ்வளவுதான். அத்தை என்னைப் பார்க்கவில்லை, கதவையும் பார்க்கவில்லை. இரண்டு பேரும் சைக்கிள் ஸ்டாண்டின் கம்பி வேலிக்குப் பக்கத்தில் நிற்கிறோம். யாரோ மணியடித்து வழி கேட்கிறார்கள், ஒதுங்குகிறோம்.

"சம்பத்து சொன்னானா?"

"ம்."

"நாலரைக் கிலோ" என்கிறார் அத்தை. குரல் சாதாரணமாக இருக்கிறது, துணி எடை சொல்வது போல. "நர்ஸம்மா தூக்கிக் காமிச்சுது. மூணு மாசப் புள்ளையாட்டம் இருக்கறான்னு சொல்லுச்சு. மேலுக்கெல்லாம் மடிப்பு மடிப்பா. எங்க வளவுல ஒருத்தி என்ற வயித்தைப் பார்த்து, ரெட்டைப் புள்ளையாடின்னு கேட்டா. அவ கண்ணுதான்னு நெனச்சேன். இன்னிக்கு வரைக்கும் அவகூடப் பேச்சில்லை." பிறகு என் பக்கம் திரும்புகிறார். "அப்ப அவனுக்கும் இதானா?"

ஆமாம் என்று சொல்லலாம், சொன்னால் இன்றைக்கு ஊசிக்கு ஒத்துக்கொள்வார். இல்லை என்று சொல்லலாம், சொன்னால் இத்தனை வருஷம் தூங்கிய மாதிரி தூங்குவார். இரண்டு பதிலும் எனக்கு வசதியானவை, ஒன்று என் குழந்தைக்கு, இன்னொன்று என் பயத்துக்கு. இரண்டும் எனக்குத் தெரிந்தவை இல்லை.

"தெரியலீங்கத்தை. அப்ப யாரும் உங்களுக்கு ரத்தம் எடுத்துப் பாக்கலீங்களே."

"இல்லை. யாரு எடுத்தாங்க." அத்தை தோளிலிருந்த பையை இன்னொரு தோளுக்கு மாற்றுகிறார். "நெம்பத் தின்னேன் கண்ணு. எங்க மாமியா ஊட்டி ஊட்டி உடுவா."

"தின்னதுனால மட்டும் வர்றதில்லீங்க. சிலருக்கு அந்த ஒம்பது மாசத்துல உடம்பே அப்படி ஆயிருமுங்க."

அத்தை அதை ஏற்றுக்கொண்டாரா என்று தெரியவில்லை. திரும்பி, வந்த வழியே நடக்கிறார். மெதுவாக. நானும் அதே வேகத்தில். மேடையில் வந்து உட்கார்கிறோம். டப்பாவைத் திறந்து, அந்த இரண்டு இட்லியையும் வெள்ளரிக்காயையும் அத்தை தின்கிறார், காலையிலிருந்து அவரும் சாப்பிடவில்லை என்பது எனக்கு இப்போதுதான் உறைக்கிறது. சட்னி இல்லாமல் தொண்டையில் நிற்கிறது, தண்ணீர் குடித்து இறக்குகிறார். நான் எதையாவது நினைக்க வேண்டும் என்று பார்க்கிறேன், ஒன்றும் வரவில்லை, மரத்தின் நிழல் என் காலிலிருந்து நகர்ந்து அத்தையின் காலுக்குப் போகிறது. நான் சரியாகச் செய்தேனா என்று கேட்டுக்கொள்கிறேன். செய்தது ஒரு டீயும் நான்கு இட்லியும். அதற்குள் இவ்வளவு இருந்ததா. உள்ளே ஒரு புரளல், இடது பக்கமிருந்து மேல்நோக்கி, தோளா காலா என்று தெரியாது.

"வினோதினி சம்பத்!"

போகிறேன். கையை நீட்டுகிறேன். ஊசி ஏறும்போது வேறு பக்கம் பார்க்கிறேன், எப்போதும் போல. கொஞ்ச நேரத்தில் அதே சிஸ்டர் வெளியே வந்து, "நூத்தி எழுபத்தொண்ணு. போன தடவை எப்படிம்மா அவ்வளவு கம்மியா இருந்துச்சு?" என்கிறார். "அது டெஸ்டுக்குன்னு சாப்பிட்டதுங்க சிஸ்டர். இதுதான் தினம் சாப்பிடறது" என்கிறேன். சிஸ்டர் என்னைப் பார்க்கிறார், அத்தையைப் பார்க்கிறார், பெருமூச்சு விடுகிறார், இது அவருக்குப் புதிதில்லை போலும். டாக்டர் அதிகம் பேசவில்லை. சாப்பாட்டை உண்மையிலேயே சரிசெய்ய வேண்டும், நடக்க வேண்டும், கூடவே ஊசி, இன்றைக்கு மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னாலேயே ஆரம்பித்துவிடலாம், இன்னும் நேரமிருக்கிறது என்கிறார். நேரமிருக்கிறது என்ற சொல்லைக் கையில் பிடித்துக்கொண்டு பக்கத்து அறைக்கு வருகிறேன்.

"வயித்துலீங்களா?" என்கிறார் அத்தை. குரல் மட்டும் கொஞ்சம் மேலே போகிறது.

"வேண்டாம்மா, தொடையில போட்டா போதும். குழந்தைகிட்டப் போகாது, பயப்படாதீங்க." சிஸ்டர் பேனா மாதிரி இருந்த ஒன்றைக் காட்டி, எப்படித் திருப்பி அளவு வைப்பது, ஊசியை எப்படி மாட்டுவது என்று என்னிடம் சொல்கிறார். நான் கேட்கிறேன். அத்தை இன்னும் கிட்டே வந்து நின்று சிஸ்டரின் விரல்களையே பார்க்கிறார்.

"ஏனுங்க சிஸ்டர், எனக்குச் சொல்லிக்குடுங்க. நான் போட்டு உடறேன்."

"அவங்களே போட்டுக்கலாம்மா. படிச்ச பொண்ணுதானே?"

"படிச்சவதானுங்க. ஊசி போடறப்பச் செவுத்தைப் பாத்துக்குவா. செவுத்தைப் பாத்துட்டு எப்படிப் போடறது?"

சிஸ்டர் சிரிக்கிறார். பேனா அத்தையின் கைக்குப் போகிறது. என் தொடையின் சதையை இரண்டு விரலால் பிடித்துத் தூக்குகிறார், துணியைத் தூக்குகிற அதே விதமாக. நான் சுவரைப் பார்க்கவில்லை. எறும்பு கடித்த மாதிரிகூட இல்லை.

"அமுக்கிட்டு உடனே எடுக்கக் கூடாது. பத்து எண்ணிட்டு எடுக்கணும்" என்கிறார் சிஸ்டர்.

அத்தை எண்ணுகிறார். ஆறு வரைக்கும் சத்தமாக. அதற்கப்புறம் உதடு மட்டும் அசைகிறது.